ஏலகிரியில் நாமே சமைத்துக்கொள்ளும் தனி வீடு: ஏரிக்கரையிலா, சற்றுத் தள்ளியா?

கேள்வி: காட்பாடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தில், மூன்று இரவுகள் ஏலகிரியில் தங்கலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். மொத்தம் எட்டுப் பேர். என் மாமியாருக்கு 74 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார், உப்பும் குறைத்துத்தான் சாப்பிடுகிறார், இரவு ஏழரை மணிக்குள் அவருக்கு உணவு தயாராக இருக்க வேண்டும். நாத்தனாரின் குழந்தைக்கு இரண்டு வயது. ஆகவே ஓட்டல் அறை எங்களுக்குச் சரிப்படாது; நாங்களே சமைத்துக்கொள்ளும்படியான தனி வீடுதான் வேண்டும்.

இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது புங்கனூர் ஏரிக்கு மிக அருகில் இருக்கிறது. முன்திண்ணையில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரியும், படிகள் கீழே இறங்கிக் கரைவரை போகின்றன. இரண்டாவது நிலாவூர் போகும் வழியில் உள்ள பழைய ஓட்டு வீடு. அங்கிருந்து ஏரி தெரியாது, ஆனால் சுற்றுச்சுவருடன் முற்றமும் பெரிய சமையலறையும் இருப்பதாகச் சொல்கிறார்கள். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. படங்களைப் பார்த்ததிலிருந்து கணவரும் பிள்ளைகளும் ஏரிக்கரை வீட்டையே கேட்கிறார்கள்.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு வேறொரு மலையில் "சமையல் வசதி உண்டு" என்று சொன்னதை நம்பி முன்பணம் கட்டிவிட்டுப் போனோம். அங்கே இருந்தவை ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும், அதில் வைத்தால் சூடே ஏறாத இரண்டு அலுமினியப் பாத்திரங்களும்தான். கடையைத் தேடிப் போய் இட்லி வாங்கி வருவதற்குள் மணி ஒன்பதரை ஆகிவிட்டது. அதற்குள் மாமியாருக்குக் கை நடுங்கி, உடலெல்லாம் வியர்த்துவிட்டது. காரில் கிடந்த மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுத்தான் சமாளித்தோம். அந்த இரவை நான் மறக்கவில்லை. இந்த முறை எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முன்பணம் கட்ட வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: வாணியம்பாடி அக்கா

சகோதரி, ஏலகிரி எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற மலை. 2019இல் மாவட்டம் பிரிந்து அது திருப்பத்தூர் பக்கம் போய்விட்டாலும், வேலூர்க்காரர்களுக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருகிற மலை அதுதான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது உறவினர்களுடன் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு வருகிறோம் என்பதால் சமையலறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"சமையல் வசதி உண்டா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். அடுப்பின் படத்தையும், பாத்திர அலமாரியைத் திறந்து வைத்த படத்தையும், சிலிண்டரின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு இல்லாத வீட்டில் எட்டுப் பேருக்குக் காலைப் பலகாரம் செய்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பிஸ்கட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். சிலிண்டரில் எவ்வளவு கேஸ் இருக்கிறது, நடுவில் தீர்ந்தால் மாற்றுச் சிலிண்டர் வீட்டிலேயே இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கீழே இருந்து வரவேண்டும் என்றால் அந்த வேளைச் சமையல் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 96 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் நம் ஊரைவிட நேரம் பிடிக்கும். டிசம்பர் குளிரில் இன்னும் கூடுதலாகத் தோன்றும். முதல் தடவை போனபோது பருப்பு மோசமென்று நான் கடைக்காரரைக் கடிந்துகொண்டேன், பிறகுதான் காரணம் புரிந்தது. ஆகவே உங்கள் சொந்தக் குக்கரை, நல்ல காஸ்கட்டுடன், கட்டாயம் எடுத்துப் போங்கள். உங்கள் கைக்குப் பழகிய தோசைக்கல், அரிவாள்மனை அல்லது கத்தி, மாமியாருக்கென்று தனியாக ஒரு சிறு குழம்புச் சட்டி, இவையும் காரில் ஏறட்டும். முதல் இரவுக்கு மாவு அரைத்தே கொண்டுபோங்கள். குளிரில் எளிதில் புளித்துப்போகாது.

காய்கறிகளை மலையில் தேடுவதைவிட இங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. வேலூரிலிருந்து வருகிறவர்கள் இலவம்பாடி முள்கத்தரிக்காயில் ஒரு கிலோ கொண்டுவந்தால், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு ஒன்றே இரண்டு வேளைக்குத் தாங்கும். அந்தக் காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதில் எனக்குச் சொந்தப் பெருமையே உண்டு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருப்பதால், தட்டுகளுக்குப் பதில் ஒரு கட்டு வாழையிலை எடுத்துக்கொண்டால் பாத்திரம் தேய்க்கும் வேலையும் பாதியாகும்.

மறுமொழி: சத்துவாச்சாரி மின்பணியாளர்

வணக்கம். மலையில் சில வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டிசம்பரில் எட்டுப் பேர் தங்கும் வீட்டில் சண்டை வருவதெல்லாம் வெந்நீருக்காகத்தான். பெரும்பாலான வீடுகளில் 15 லிட்டர் கீசர் ஒன்று இருக்கும். 2 கிலோவாட் கீசர் அந்தக் குளிர்ந்த தண்ணீரைச் சூடாக்கவே இருபது நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதில் ஒருவர் குளிக்கலாம், சிக்கனமாகப் பிடித்தால் இரண்டு பேர் குளிக்கலாம். ஒரே கீசர் என்றால் எட்டுப் பேரும் குளித்து முடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் விறகடுப்பும் தவலையும் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. ஓட்டு வீட்டில் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

"இன்வெர்ட்டர் இருக்கிறது" என்பார்கள். அதில் விளக்கும் மின்விசிறியும்தான் ஓடும். கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் தண்ணீர் மோட்டாரும் ஓடா. மழையும் காற்றுமாக இருக்கும் நாளில் மின்சாரம் நின்றால் முதலில் காலியாவது மேல்தொட்டி. ஆகவே தொட்டியின் அளவு எத்தனை லிட்டர், நிரப்புவது யார் பொறுப்பு என்பதைக் கேட்டு, போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை நிரப்பிக்கொள்ளுங்கள். கீசர், இண்டக்‌ஷன், மோட்டார் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்துவிடும், அதைவிட மோசமாக ஒயர் சூடேறும். ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதே பாதுகாப்பு.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், வேலூர்

மின்பணி செய்யும் தம்பி சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், தயவுசெய்து இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வீடுகளில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் வைத்திருப்பார்கள். சன்னலை அடைத்துக்கொண்டு அதை எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உள்ளே இருப்பவர் தலைசுற்றி விழுந்த பிறகுதான் வெளியே தெரியும். கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இல்லையென்றால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். குளிருக்காக வாசலில் மூட்டிய நெருப்பின் கரித்தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதும் அதே ஆபத்துதான். குழந்தையும் முதியவரும் படுக்கும் அறை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கேஸ் கசிவு நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

இன்சுலினுக்காக வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் உறைநிலைப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது. திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பி டிசம்பரில் ஏலகிரியில் வெயில் படாத அலமாரியில் மூன்று நாள் இருப்பதால் கெடாது. அம்மா படுக்கும் அறையும் கழிப்பறையும் தரைத்தளத்தில் ஒட்டியே இருக்க வேண்டும். ஈரப் படிகள் உள்ள வீடு அவருக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்க வேண்டியதைக் காரில் வைக்காமல் அவர் தலைமாட்டிலேயே வையுங்கள். இரவில் மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்தால் 14 கொண்டை ஊசி வளைவுகளை மூடுபனியில் இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் வைத்து, மருந்துகளை இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: அத்தனாவூர்வாசி

வணக்கம் அம்மா. நான் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். இரண்டு மூன்று வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு வீடுகளும் என் பொறுப்பில் உள்ளவை அல்ல, ஆகவே தயக்கமில்லாமல் சொல்ல முடிகிறது.

புங்கனூர் ஏரி வெட்டி உண்டாக்கிய ஏரி; படகுத்துறையும் சிறுவர் பூங்காவும் அதைச் சுற்றியே இருக்கின்றன. டிசம்பர் கடைசி வாரத்தில் காலை பத்து மணியிலிருந்து மாலை வரை பெங்களூர் வண்டிகளும் சென்னை வண்டிகளும் அந்தச் சாலையில்தான் நிற்கும். படத்தில் நீங்கள் பார்த்த அமைதி, விடியற்காலை ஆறரை மணிக்கு, தண்ணீர்மேல் பனி புகைபோல எழுந்துகொண்டிருக்கும்போது எடுத்ததாக இருக்கும். அது பொய் இல்லை, அந்த நேரத்தில் ஏரி உண்மையாகவே அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த அரைமணி நேரத்தைப் பார்க்கக் கரையிலேயே தங்கவேண்டும் என்பதில்லை. நிலாவூர்ச் சாலையிலிருந்து வண்டியில் வந்து பார்த்துவிட்டுக் காபி நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

படிகள் தண்ணீர்வரை போகின்றன என்றீர்களே, இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு எனக்குக் கவலை தருவது அதுதான். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஏரி நிரம்பியிருக்கும். கடைசிப் படிகள் பாசி பிடித்து வழுக்கும். நடுவில் பூட்டக்கூடிய கம்பிக் கதவு இருக்கிறதா என்று கேளுங்கள். சிறு கயிறு கட்டியிருக்கிறோம் என்பதெல்லாம் பதில் ஆகாது.

எந்த வீடானாலும் சமையலறைச் சன்னலில் வலை அடித்திருக்க வேண்டும். இங்கே குரங்குகள் ஆள் இருக்கும்போதே வந்து வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போகும். குழந்தையின் கையில் தின்பண்டம் இருந்தால் பிடுங்கவும் செய்யும். பழைய ஓட்டு வீடுகளில் சமையலறைக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு, குழந்தைக்கும் பெரியவருக்கும் காய்ச்சியே கொடுங்கள். பால் வேண்டுமானால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அக்கம்பக்கத்தில் கறந்த பாலாகவே வாங்கித் தருவார்.

மறுமொழி: போளூர் நண்பர்

கூட்டம்தான் கவலை என்றால் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரையும் யோசிக்கலாம். அங்கும் ஏரியும் படகும் உண்டு, பீமன் அருவி அருகில், மலைக்காரர்கள் விளைவிக்கும் சாமை அங்கேயே கிடைக்கும். சனிக்கிழமையாக அமைந்தால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் சமையலறையுடன் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் ஏலகிரி அளவுக்கு இல்லை. 74 வயது அம்மாவுடன் முதல் பயணம் என்றால் ஏலகிரியே சரி என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்: காட்பாடி வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு வீட்டுக்காரர்களிடமும் நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏரிக்கரை வீட்டில் படிகளுக்குக் கதவு இல்லை; கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது; அலமாரியின் படத்தைக் கேட்டதும் "வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்கள். ஓட்டு வீட்டுக்கார அம்மா பத்து நிமிடத்தில் ஏழு படங்கள் அனுப்பினார். இரண்டு பர்னர் அடுப்பு, நிறைந்த சிலிண்டர் ஒன்று கூடுதலாக, பெரிய இட்லிப் பானை, முற்றத்து மூலையில் வெந்நீர்த் தவலை, வலை அடித்த சன்னல் எல்லாம் தெரிகின்றன. கூரை இடைவெளியைப் பற்றிக் கேட்டதற்குப் பலகை அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குளிர்பதனப் பெட்டி மட்டும் இல்லை. செவிலியர் அம்மா சொன்ன பிறகு அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

முன்பணம் கட்டிவிட்டோம். பிள்ளைகளிடம் தினமும் விடியற்காலையில் ஏரிக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாமியார் இப்போதே ஒரு சந்தேகம் கேட்கிறார்: அந்த முற்றத்தில் அம்மிக்கல் இருக்குமா என்று. அக்கா, உங்களுக்குத் தெரிந்தவரை அங்கே வீடுகளில் அம்மி இருக்கிறதா?

மறுமொழி: வாணியம்பாடி அக்கா

பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் பார்த்திருக்கிறேன், ஆனால் அது கழுவி எத்தனை நாளானதோ. கொஞ்சம் கல்லுப்பும் அரிசியும் போட்டு ஒருமுறை அரைத்து எடுத்துக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகு அம்மாவைத் துவையல் அரைக்கச் சொல்லுங்கள்.