செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு: தேய்த்தால் போதுமா, வெட்டி மாற்றணுமா?

கேள்வி
ஹீட்டரிலிருந்து வரும் 15 மி.மீ. செம்புக் குழாயில் இரண்டு இடத்தில் களிம்பு. ஒன்று, பற்றவைத்த எல்போவுக்கு (வளைவு இணைப்பு) கீழே கோடாக இறங்கியிருக்கு. துடைத்தால் பொடியாக வருது. இன்னொன்று நேர்க் குழாயின் நடுவில், மிளகு அளவு, வெள்ளையும் நீலப்பச்சையுமாகக் கெட்டித்த மொட்டு. எங்கேயும் சொட்டு இல்லை. இரண்டையும் வினிகர் போட்டுத் தேய்த்துவிடலாமா?

பதில் 1
முதலாவதைத் தேயுங்க. இரண்டாவதைத் தொடாதீங்க.

எல்போவில் இருப்பது பெரும்பாலும் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ், அதாவது பற்றவைக்கும் முன் பூசும் பசை. அதிலுள்ள குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்குது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைங்க, போகாவிட்டால் வினிகர். வினிகரோடு உப்பும் சேர்த்தால் நன்றாகக் கழுவணும், உப்பும் குளோரைடுதான். காய்ந்ததும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஒரு நாள் விடுங்க. நனைந்தால் இணைப்பே கசியுது.

மொட்டு வேறு கதை. உள்ளிருந்து குழிந்து வந்த ஊசித்துளை அது. கசிந்த நீர் ஆவியாகி, மிஞ்சிய உப்பே துளையை அடைத்திருக்கு. அதனால்தான் சொட்டு இல்லை. சுரண்டினால் பீச்சும்.

ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, மெயின் வால்வை மூடி, தாழ்வான டேப்பைத் திறந்து வடியுங்க. மொட்டுக்கு இருபுறமும் 5 செ.மீ. தள்ளி வெட்டி, உள்ளே தடுப்பு இல்லாத இரண்டு ஸ்லிப் கப்ளிங்கோடு புதுத் துண்டு. கட்டர் உள்விளிம்பில் விடும் பிசிறை ரீமரால் (பிசிறு சுரண்டும் கருவி) எடுங்க. எமரித் தாளால் தேய்த்து, மெல்லிசாக ஃபிளக்ஸ் பூசி, பிறகு கப்ளிங்கைச் சூடாக்குங்க. பற்றவைக்க உருக்கும் ஈயக்கம்பிக்கு (சால்டர்) நெருப்பைக் காட்டாதீங்க. ஈயக்கம்பி என்பது பேச்சு வழக்குதான், குடிநீர்க் குழாய்க்கு ஈயம் இல்லாத சால்டரே வேணும். ஒரு இணைப்புக்குச் சுமார் 15 மி.மீ. கம்பி போதும். குழாய்க்குள் கொஞ்சம் நீர் நின்றாலும் சூடு ஏறாது, சால்டர் உருண்டையாக உதிரும்.

பதில் 2
வெட்டிய துண்டைக் குப்பையில் போட்டுடாதீங்க, காரணமே அதில்தான் இருக்கு. நீளவாக்கில் பிளந்து பாருங்க.

தனித்தனிக் குழி, மேலே பச்சைத் தொப்பி என்றால் நீரின் வேதியியல். சுவர் முழுக்கச் சமமாக மெலிந்து, வாஷ்பேசினில் நீலக் கறையும் இருந்தால் அமில நீர், pH 6.5-க்குக் கீழே இருக்கும், கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) ஃபில்டர் அதை உயர்த்தும். களிம்பே இல்லாமல் பளபளவென்று, குதிரை லாட வடிவில் குழிகள், அதுவும் எல்போ தாண்டியதும் என்றால் காரணம் நீரின் வேகம். வெந்நீரில் வினாடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. 60 டிகிரி செல்சியஸ் தாண்டினால் 0.9-க்குள். எடுக்காத பிசிறும் அந்த இடத்தில் நீரைச் சுழற்றி இதையே செய்யும்.

கேட்டவர்
நன்றி. ஆள் வரும் வரை எபாக்சி புட்டி பூசி ஓட்டலாமா?

பதில் 3
நீர் கசியும்போது புட்டி சரியாகப் பிடிக்காது. ரப்பர் பட்டை வைத்து ரிப்பேர் கிளாம்ப் போட்டு இறுக்குங்க, அதுவும் தற்காலிகம்தான். அதே லைனில் இரண்டாவது துளை வந்தால் ஒட்டுப்போடாமல் லைனையே மாற்றணும்.

துண்டுக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டால் எர்த் தொடர்ச்சி அறுந்துபோகும்; அந்தக் குழாய் எர்த்திங்கோடு இணைந்திருந்தால் இடைவெளியைத் தாண்டி இருபுறச் செம்பையும் இணைக்கும் பாண்டிங் ஒயர் கட்டாயம். நீரோட்டத்தில் செம்புக்குப் பிறகு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இருக்கான்னும் பாருங்க. கரைந்த செம்பு ஜி.ஐ.யின் துத்தநாகத்தில் படிந்து அதை ஓட்டையாக்கும். அங்கே நடுவில் பித்தளை போடுவது இணைப்பை மட்டுமே காக்கும், தாண்டியுள்ள ஜி.ஐ.யை அல்ல.