புதுப்பிப்பு: மலிவான காப்பித்தூள், ஒரு மாதத்துக்குப் பிறகு

விலை குறைந்த தூளில் வீட்டில் நல்ல ஃபில்டர் காப்பி வருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வருகிறது! கால் கிலோ 150 ரூபாய். பாக்கெட்டில் காப்பி 60, சிக்கரி 40 என்று போட்டிருக்கிறது. (சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.) தம்ளருக்கு 10 கிராம் போட்டால் 25 தம்ளர். பால், சர்க்கரை நீங்கலாக 6 ரூபாய்தான்.

முதல் வாரம் டிகாஷன் இறங்காமல் படுத்தியது. தூளை அழுத்தித் திணித்ததுதான் தப்பு. இப்போது லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, கொதிக்கும் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றுகிறேன். சொட்டுச் சொட்டாக, கறுப்பாக இறங்குகிறது. பீபெரி (பழத்துக்கு ஒரே கொட்டையாக விளையும் காப்பி வகை) தூளின் மணம் இதில் இல்லை, உண்மை. ஆனால் சிக்கரி தரும் அந்தக் கெட்டியும் கசப்பும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மாவும் இரண்டாவது தம்ளர் கேட்கிறார்.