டிஎஸ்டிடி கம்பைல் ஆகவில்லை, 34 பிழைகள், அதுவும் நான் தொடாத வரிகளில்

கேள்வி:
வணக்கம். என் லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது. மூடி வைத்தால் ஒழுங்காகத் தூங்குவதில்லை, பைக்குள் சூடாகி பேட்டரியும் தீர்ந்துவிடுகிறது. தூக்க வகைகளைக் காட்டும் மெம்_ஸ்லீப் கோப்பைத் திறந்தால் எஸ்2ஐடில் (லேசான தூக்கம்) மட்டும் இருக்கிறது, டீப் (எஸ்3 என்னும் ஆழ்ந்த தூக்கம்) இல்லை. டிஎஸ்டிடியை, அதாவது வன்பொருளைப் பற்றி ஃபர்ம்வேர் கெர்னலுக்குத் தரும் ஏசிபிஐ டேபிளை, எடுத்து ஐஏஎஸ்எல் கம்பைலர் கொண்டு படிக்கும்படி பிரித்துப் பார்த்தேன், எஸ்3-ஐ அறிவிக்கும் பேக்கேஜே இல்லை. அதைச் சேர்த்துக் கம்பைல் செய்தால் 34 பிழைகள். பாதிக்கு மேல் 6126, எதிர்பாராத பார்ஸ்ஆப்_ஜீரோ என்கிறது. அந்த இடங்களில் ஜீரோ, ஆர்க்0 என்று தனியாகச் சில வரிகள் நிற்கின்றன. அவற்றை அழித்துவிடலாமா?

பதில் 1:
ஐஏஎஸ்எல்லுக்கு -எஃப் போட்டால் பிழைகளைப் பொருட்படுத்தாமல் ஏஎம்எல் கோப்பை (கம்பைல் ஆன வடிவம்) கொடுத்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன், ஓடியது.

பதில் 2:
-எஃப் வேண்டாம் நண்பரே, உங்களுக்கு ஓடியது அதிர்ஷ்டம். கேட்டவருக்கு: அந்த வரிகளை அழிக்காதீர்கள், அவை குப்பை இல்லை. ஏஎம்எல்லில் ஒரு மெத்தடை அழைக்கும்போது பெயரும் அதன் பின்னால் மதிப்புகளும் மட்டும்தான் இருக்கும், மொத்தம் எத்தனை மதிப்பு என்ற எண்ணிக்கை எங்கும் எழுதப்படாது. அந்த மெத்தட் வேறொரு எஸ்எஸ்டிடியில் (டிஎஸ்டிடியின் துணை டேபிள்) இருந்து, அந்தக் கோப்பை நீங்கள் கொடுக்காவிட்டால், ஐஏஎஸ்எல் ஊகிக்க வேண்டியதுதான். ஊகம் தப்பினால் அழைப்புக்குள் இருக்க வேண்டிய ஜீரோவும் ஆர்க்0வும் வெளியே சிந்தித் தனி வரிகளாக நிற்கும். அழித்தால் கம்பைல் ஆகும், ஆனால் மெத்தடுக்குப் போக வேண்டிய மதிப்பு போகாது.

ஆகவே பழுது பிரித்த முறையில்தான். ஏசிபிஐடம்ப் -பி கொடுத்து எல்லா டேபிளையும் எடுங்கள், பிறகு -ஈ போட்டு எஸ்எஸ்டிடி கோப்புகள் அத்தனையையும் சேர்த்து, அதன்பின் -டி போட்டு டிஎஸ்டிடியைப் பிரியுங்கள். உங்கள் மாற்றத்தைச் செய்யாமலே ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
34 இப்போது 3! நேற்று முழுக்க வரி வரியாகத் தடவிக்கொண்டிருந்தேன், சே. மிச்சத்தில் இரண்டு அதே 6126, மூன்றாவது ஒரே ஸ்கோப்பில் ஒரு பெயர் இரண்டு முறை இருக்கிறது என்கிறது. எச்சரிக்கைகள் 60க்கு மேல்.

பதில் 2:
எச்சரிக்கைகளை விடுங்கள், தயாரிப்பாளர் கொடுப்பதே அப்படித்தான். அந்த இரண்டு மெத்தடும் ஓடும்போது ஏறும் எஸ்எஸ்டிடியில் இருக்கலாம், டேபிள்ஸ் அடைவுக்குள் டைனமிக் என்ற இடத்தில் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் ஒரு சிறு கோப்பில் எக்ஸ்டர்னல் வரியாக, மெத்தட் பெயரும் எத்தனை மதிப்பு என்பதும் எழுதி -எஃப்ஈ மூலம் கொடுங்கள். மூன்றாவது அசல் பிழை, இரண்டு அறிவிப்பும் அச்சு அசலாக ஒன்றுதானா என்று பார்த்து ஒன்றைக் கமென்ட் ஆக்குங்கள்.

பதில் 3:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். டெஃபினிஷன்பிளாக் வரியின் கடைசி எண்ணை, அதாவது ஓஇஎம் ரிவிஷனை, ஒன்று கூட்டுங்கள், இல்லாவிட்டால் கெர்னல் உங்கள் டேபிளைத் தாண்டிப் போய்விடும். செக்யூர் பூட் இருந்தாலும் மறுக்கக்கூடும். கம்பைல் ஆன டேபிளைச் சுருக்கப்படாத சிபிஐஓ தொகுப்பாகக் கட்டி, பூட் ஆகும்போது ஏறும் இனிட்ஆர்டி கோப்புக்கு முன்னால் வையுங்கள். ஃபிளாஷில் எதையும் எழுதுவதில்லை, சொதப்பினால் அந்தக் கோப்பை எடுத்துவிட்டால் பழையபடி. ஆனால் ஃபர்ம்வேரில் எஸ்3க்கான வேலையே இல்லையென்றால் டேபிளில் எழுதி மட்டும் பயனில்லை, தூங்கும், எழாது.

கேள்வி கேட்டவர்:
டைனமிக்கில் இருந்தது, 0 பிழைகள். முதல் முறை கெர்னல் கண்டுகொள்ளவே இல்லை, ரிவிஷனைக் கூட்ட மறந்திருந்தேன். இப்போது டீப் வந்துவிட்டது, நாலு முறை தூங்க வைத்தேன், நாலு முறையும் எழுந்தது. பயோஸ் அப்டேட் வந்தால் இதே கோப்பு போதுமா?

பதில் 3:
போதாது. டேபிளில் உள்ள நினைவக முகவரிகள் மாறியிருக்கலாம். அப்டேட்டுக்கு முன் கோப்பை எடுத்துவிட்டு, பிறகு புதிதாக டம்ப் எடுத்துத் தொடங்குங்கள்.