பித்தளைக் கவசம் தொடாமலே வெடித்துவிட்டது: அவசர உதவி தேவை

புதுச்சுத்தியல் (உப்புவெளி), இரவு 9.40
வணக்கம். கூத்துக்காக ஒரு மார்புக் கவசத்தைப் பித்தளைத் தகட்டில் கையால் அடித்து வளைத்து, நடுவில் தாமரையும் ஓரத்தில் கொடியும் புடைப்பாக எழுப்பி, மினுக்கியும் முடித்திருந்தேன். இன்று காலை எடுத்துப் பார்த்தபோது, வலத் தோள் மடிப்பிலிருந்து தாமரையின் இதழ் வரை மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அடிக்கும்போது வெடித்திருந்தால் என் கைப்பிழை என்று விட்டிருப்பேன். சும்மா தொங்கியபோது வெடித்திருக்கிறது. அரங்கேற்றத்துக்கு மூன்று கிழமையே உள்ளது. ஒட்டலாமா, புதிதாகச் செய்வதா?

நிலாவெளியான், இரவு 9.58
தகடு எத்தனை கேஜ் தடிப்பு, எங்கே வாங்கியது, எத்தனை தடவை காய்ச்சினீர்கள், எதன்மேல் வைத்துப் புடைத்தீர்கள் என்று எதையும் சொல்லாமல் "ஒட்டலாமா" என்றால் நாங்கள் என்ன சொல்வது? ஒரு படமாவது போடுங்கள்.

பழைய பட்டறை, இரவு 10.15
படம் தேவையில்லை. இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, விடையும் ஒன்றுதான்: தம்பி காய்ச்சாமல் அடித்திருக்கிறார். பித்தளை அடிபட அடிபட இறுகும். இளகிய தகட்டில் மரச்சுத்தியல் "தொப்" என்று அமரும். இறுகிய தகட்டில் ஓசை கணீரென்று எழும்பி, சுத்தியலும் கையோடு திரும்பித் துள்ளும். அந்த ஓசை கேட்டவுடன் நிறுத்தி, தகட்டைக் காய்ச்சி இளக்க வேண்டும். வெயிலில் நின்று காய்ச்சினால் நிறம் தெரியாது; இருட்டான கொட்டகைக்குள் மங்கிய சிவப்பு தெரியும்வரை காய்ச்சி, சிவப்பு மறைந்ததும் தண்ணீரில் அமிழ்த்தலாம். இரும்பைத் தோய்ப்பது இறுக்கத்துக்கு. பித்தளைக்கு அந்தக் குணம் இல்லை. இதைக் காணொளி பார்த்துப் படிக்க முடியாது என்று எத்தனை தடவை எழுதுவது?

உப்புக்காற்று, இரவு 10.31
கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்திருந்தீர்கள்? உப்புவெளியில் சைக்கிள் சங்கிலியே ஒரு மாரியைத் தாங்குவதில்லை. என் எண்ணத்தில் இது உப்பின் வேலை.

நிலாவெளியான், இரவு 10.44
உப்பு பித்தளையை மெல்ல அரிக்கும், பச்சை பிடிக்கச் செய்யும். ஓர் இரவில் கத்தியால் கீறியதுபோல் பிளக்காது. தகட்டின் கலவையில்தான் எனக்குச் சந்தேகம். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் (துத்தநாகம்) உள்ள தகடு குளிர்ந்த நிலையிலேயே நன்றாக வளையும். நாகம் 40 பங்கை நெருங்கினால் அது சூட்டில் வேலை செய்வதற்கான பித்தளை. குளிரில் அடித்தால் முரண்டு பிடிக்கும்.

புதுச்சுத்தியல், மறுநாள் காலை 6.20
மன்னிக்கவும், இவை தேவைப்படும் என்று நினைக்கவில்லை. தகடு 22 கேஜ், கொழும்பில் வாங்கியது, கடைக்காரர் 70க்கு 30 என்றே சொன்னார். குழிவை எழுப்பும்போது மணல் மூட்டையின்மேல் வைத்து அடித்து, நான்கு தடவை காய்ச்சி, ஒவ்வொரு தடவையும் பழப்புளி நீரில் ஊறவைத்துக் கறுப்பை எடுத்தேன். புடைப்புக்குக் குங்கிலியமும் செங்கல் தூளும் நல்லெண்ணெயும் உருக்கிய அரக்கு. பூ எழும்பிய பிறகு, உருக்குலைந்துவிடும் என்ற பயத்தில், காய்ச்சவில்லை.

பழைய பட்டறை, காலை 6.52
பார்த்தீர்களா? சொன்னேன்.

கூத்துப்பித்தன், காலை 8.05
நான் கேட்பது வேறு. கூத்துக்கு ஏன் பித்தளை? வடமோடிக் கூத்தில் அரசனுக்குக் கரப்புடுப்பு என்ற விரிந்த உடையும் கிரீடமும் ஏற்கெனவே பாரம். களரியை, அதாவது ஆடுகளத்தை, சுற்றி விடியும்வரை ஆடுகிறவனின் மார்பில் உலோகத்தையும் கட்டினால் அவன் எப்படிக் குதிப்பான்? மெல்லிய மரத்தில் கண்ணாடித் துண்டு பதித்துச் செய்வதே நம் வழக்கம்.

நிலாவெளியான், காலை 8.30
கணக்குப் பார்த்துவிட்டுப் பேசுவோம். 40 சென்ரிமீற்றருக்கு 45 என்று வைத்தால், 0.7 மில்லிமீற்றர் தடிப்புள்ள பித்தளை ஏறக்குறைய 1 கிலோ 70 கிராம். பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகப் பை இதைவிடப் பாரம்.

கூத்துப்பித்தன், காலை 8.41
புத்தகப் பையைச் சுமக்கிற பிள்ளை தாளத்துக்குச் சுழல்வதில்லை, ஐயா. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சம்மதித்தாரா என்பதையாவது தம்பி சொல்லட்டும்.

பழைய பட்டறை, காலை 8.55
இது பட்டறை பற்றிய இழை. வழக்கத்தைப் பற்றிப் பேச வேறு இழை தொடங்குங்கள்.

ரசாயனம் படிப்பிப்பவள், காலை 10.10
தம்பி, ஒரே ஒரு கேள்வி. கவசத்தை எங்கே தொங்கவிட்டிருந்தீர்கள்?

புதுச்சுத்தியல், நண்பகல் 12.35
மாட்டுக் கொட்டிலை ஒட்டிய சாமான் அறையில், அக்கா. மழை என்பதால் ஐந்து நாளாகப் பூட்டியே இருந்தது. ஏன்?

ரசாயனம் படிப்பிப்பவள், பிற்பகல் 1.20
அப்படியானால் காரணம் அதுதான். மாட்டின் சிறுநீரிலிருந்து எழும்பும் அமோனியா, ஈரத்தோடு சேர்ந்து, உள்ளே தகைப்பு (அடிபட்டதால் உள்ளே தேங்கிய இழுவிசை) தங்கியிருக்கும் பித்தளையைப் பிளந்துவிடும். இந்தியாவில் ஆங்கிலேயப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் இப்படித்தான் தாமாக வெடித்தன; காரணம் அமோனியா என்பது 1921இல் தெளிவானது. பட்டறை ஐயா சொன்னதில் பாதி சரி, ஏனென்றால் கடைசிச் சுற்று அடிப்பில் தங்கிய தகைப்பு இல்லாவிட்டால் அமோனியா மட்டும் தகட்டைப் பிளந்திராது. ஆனால் பூவைக் காப்பாற்ற மங்கிய சிவப்புவரை போகத் தேவையில்லை. 250 முதல் 300 பாகை செல்சியசு வரையான சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்தால், உருவமும் இறுக்கமும் பெரிதும் மாறாமல் தகைப்புத் தளர்ந்துவிடும். பாண் சுடும் அடுப்பான போறணை அந்தச் சூட்டை எட்டும். மினுக்கியையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். சிலவற்றில் அமோனியா கலந்திருக்கும்.

உப்புக்காற்று, பிற்பகல் 1.48
வெடிப்பின்மேல் ஈயப்பற்று வைத்தால் போதாதா?

பழைய பட்டறை, பிற்பகல் 2.05
ஈயத்தைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். பிறகு எப்போதாவது அதைக் காய்ச்சினால், ஒட்டியிருக்கும் ஈயம் பித்தளையைத் தின்று ஓட்டையாக்கும். வெடிப்பு முடிகிற நுனியில் ஒரு மில்லிமீற்றர் துளை போட்டால் அது மேலே ஓடாது. பின்பக்கம் அதே தகட்டில் ஒரு துண்டை வைத்து, வெண்காரம் பூசி, வெள்ளிப் பற்றாசால் (உருகி ஒட்டும் வெள்ளிக் கலவை) பற்றவையுங்கள். நெருப்பை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். பித்தளையே உருகும் சூட்டுக்குப் போனால் நாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பற்றவைத்த பிறகுதான் போறணை. கொட்டில் விடயம் என் யோசனையில் வரவில்லை; அக்கா சொன்னது சரி.

நிலாவெளியான், பிற்பகல் 2.30
போறணைக்கு முன் பின்பக்கத்து அரக்கை முழுவதும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் பாணெல்லாம் குங்கிலியம் மணக்கும்.

புதுச்சுத்தியல், ஒன்பது நாட்களின் பின், இரவு 11.02
துளை போட்டுப் பற்றவைத்தேன். கடைசிப் பாண் இறங்கிய பிறகு போறணையில் வைத்தேன். வெடிப்பு நகரவில்லை. இதழ் ஒன்று கொஞ்சம் தட்டையாகிவிட்டது. கவசம் இப்போது அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

கூத்துப்பித்தன், இரவு 11.15
அண்ணாவியார் என்ன சொன்னார்?

நிலாவெளியான், மறுநாள் காலை 7.10
படம்?