முதன்முதலாக வளர்க்க எந்த கெக்கோ பல்லி நல்லது?

பனிமழை:
டொராண்டோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பதினொரு வயது மகள் ஓராண்டாகப் பல்லி கேட்கிறாள். கணவருக்கு ஒவ்வாமை இருப்பதால் நாய், பூனை முடியாது. கடையில் லெப்பர்ட் கெக்கோ, கிரெஸ்டட் கெக்கோ, டோக்கே மூன்றும் இருந்தன. நீல உடலில் ஆரஞ்சுப் புள்ளிகள் கொண்ட டோக்கேயின்மேல்தான் அவளுக்குக் கண். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 டிகிரி இருக்கும். உயிருள்ள பூச்சியைத் தொட எனக்குக் கூச்சம். எதை வாங்கலாம்?

வேலியோரம்:
டோக்கே வேண்டவே வேண்டாம். கையை நீட்டினாலே வாயைப் பிளந்து சீறும். கடித்தால் லேசில் விடாது. காட்டில் பிடித்து விற்கப்படுபவையும் அதிகம். அதனால்தான் 2019இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

சாம்பல்வால்:
நான் ஒன்பது ஆண்டுகளாக ஒரு லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறேன். அது எனக்கு உயிர். ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன் அக்கா. அதற்கு வாழ்நாள் முழுவதும் உயிருள்ள பூச்சிதான் உணவு. சில்வண்டுகளைப் பெட்டியில் வைத்துத் தீனி போட்டு, கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கூச்சம் என்றால் நான்கே மாதத்தில் அந்த வேலை சுமையாகிவிடும். பட்டினி கிடப்பது பல்லிதான்.

சூடும் அப்படியே. தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி, மறுபக்கம் 25 என்று இருக்க வேண்டும். சூட்டுப்பாயை, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் போட்டால் வயிறு வெந்துவிடும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தோல் உரிப்பதற்கு முன் அது வெளுத்துப்போகும். பிறகு காலுறையைக் கழற்றுவதுபோல் வாயாலேயே தோலை இழுத்துத் தின்றுவிடும். முதல் ஆண்டில் ஈரப்பாசி வைத்த மறைவிடம் நான் அமைக்கவில்லை. விரல் நுனிகளில் பழைய தோல் மோதிரம்போல் இறுகி நின்றது, நான் கவனிக்கவில்லை. முன்காலில் இரண்டு விரல்கள் கருத்து உதிர்ந்தன. இன்றும் அந்தக் காலைப் பார்த்தால் மனம் கனக்கிறது. இப்போது ஒவ்வொரு முறை தோல் உரித்த பிறகும் பூதக்கண்ணாடி வைத்து விரல் விரலாகப் பார்க்கிறேன்.

உங்களுக்கு ஏற்றது கிரெஸ்டட். நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்தது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் பழப்பொடி உணவைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் போதும், பூச்சி எப்போதாவது கொடுக்கலாம். 22 முதல் 26 டிகிரி அதற்குச் சுகம், ஆகவே உங்கள் வீட்டில் சிறிதளவு சூடேற்றினால் போதும். கோடைதான் கவலை: 28ஐத் தாண்டினால் வாடிவிடும். தொட்டி உயரமாக இருக்கட்டும், இரண்டடியாவது வேண்டும். மாலையில் தண்ணீர் தெளியுங்கள். லெப்பர்ட் கையில் அமைதியாக இருக்கும், இது தாவும். மகளைத் தரையில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம், உங்கள் கண்முன் அதற்கு உணவு வைக்கச் சொல்லுங்கள். விரல்களை எண்ணிப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். மகள் கல்லூரிக்குப் போனால் யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

பனிமழை:
மிக்க நன்றி தம்பி. இன்று போய்க் கிரெஸ்டட்டைப் பார்த்தோம். விரல்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, நன்றாகச் சாப்பிட்டது. ஆனால் வால் இல்லை; மீண்டும் முளைக்காது என்கிறார் கடைக்காரர். மகள் அதுதான் வேண்டும் என்கிறாள். வாங்கலாமா?

சாம்பல்வால்:
அவர் சொன்னது உண்மை. லெப்பர்டுக்கு வால் மீண்டும் வளரும், கிரெஸ்டட்டுக்கு வளராது. ஆனால் அதன் சொந்தத் தீவிலேயே முழு வளர்ச்சியடைந்த கிரெஸ்டட்டுகள் பெரும்பாலும் வாலில்லாமல்தான் திரிகின்றன. தயங்காமல் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் கையில் எடுக்க வேண்டாம்.