மறு: ‘வித்ட்ராயல் பீரியட்’ – தடைக்காலமா, இறங்குகாலமா, வடிநாளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடையில் தீவன லோடு வந்து இறங்கியதால் இரண்டு நாளாகக் குழு மடல்களைத் திறக்க முடியவில்லை. இன்று இரவுதான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். கடைசி வேளை மருந்து கொடுத்த பிறகு கறிக்கு விற்காமல் காத்திருக்க வேண்டிய நாட்களை ஆங்கிலத்தில் ‘வித்ட்ராயல் பீரியட்’ என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை நான் ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியபட்டினம் பக்கம் சொந்தமாக 500 பிராய்லர் வளர்க்கும் ஒரு அண்ணன் சளிக்கு மருந்து வாங்கிப் போனார். நாலாம் நாள் பாதி பாட்டிலோடு கடைக்குத் திரும்பி வந்தார். “அஞ்சு நாளைக்குள்ள திருப்பி எடுத்துக்குவீங்கன்னு போட்டிருக்கு” என்றார். துண்டுத்தாளை விரித்துக் காட்டினார். ‘திரும்பப் பெறும் காலம்: 5 நாட்கள்’ என்றுதான் அச்சாகியிருந்தது. வித்ட்ராயல் பீரியடை யாரோ அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். அந்த அண்ணன் பேரில் என்ன தப்பு? தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். கோழிக்கு அன்று 36ஆம் நாள். மறுநாள் காலை வியாபாரி வண்டி வருவதாக இருந்தது. கடைசி மருந்து கொடுத்தது முந்தின நாள் மாலை. அந்தப் பாட்டிலை அவர் திருப்பிக் கொண்டுவராமல் இருந்திருந்தால், அந்த 500 கோழியும் மருந்தோடு அப்படியே கறிக்கடைக்குப் போயிருக்கும்.

சரி, இப்போது உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> ‘மருந்துத் தடைக்காலம்’ என்று வைத்துவிடலாமே. உங்கள் கடற்கரையில் தடைக்காலம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஐயா, உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் விலை ஏறும், பிராய்லர் கடையில் கூட்டம் கூடும். நான் சொன்ன சம்பவமும் அந்த நாட்களில் நடந்ததுதான். அதனால் இந்தச் சொல் முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் தடைக்காலம் நாட்காட்டியில் முடிவது. ஜூன் 14 தாண்டினால் தொண்டிக்கும் முடிந்தது, மண்டபத்துக்கும் முடிந்தது. மருந்துக் கணக்கு அப்படியில்லை. அந்தந்தக் கொட்டகையில், கடைசி வேளை மருந்து கொடுத்த நேரத்திலிருந்து அது தனியாகத் தொடங்குகிறது. நடுவில் ஒரு வேளை மறுபடி கொடுத்தால் எண்ணிக்கையையும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் நடுவண் அரசு தடை செய்துவிட்டது. அது தடை. அதற்கு எத்தனை நாள் காத்திருந்தாலும் கணக்கில் வராது. நம் கரையில் இறால் பண்ணை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், குளோராம்பினிகால், நைட்ரோஃபியூரான் என்ற தடை செய்த மருந்துகளின் பேரைக் கேட்டாலே பதறுவார்கள். ஏற்றுமதிச் சரக்கையே திருப்பி அனுப்பவைக்கிற பெயர்கள் அவை. ‘தடை’ என்ற சொல்லை இவற்றுக்கென்று விட்டுவைக்க வேண்டும். அனுமதித்த மருந்துக்கும் தடைக்காலம் என்றால், தடை செய்த மருந்துக்கும் ஏதோ ஒரு காலம் இருக்கும்போல, அது கழிந்தால் விற்கலாம்போல என்று பண்ணைக்காரர் நினைத்துவிடுவார்.

> நீங்கள் சொன்ன ‘இறங்குகாலம்’ நன்றாகத்தான் இருக்கிறது. விஷம் இறங்கியது, காய்ச்சல் இறங்கியது என்கிறோமே.

அம்மா, அதை நினைத்துத்தான் நானும் முன்வைத்தேன். ஆனால் கடைக்கு வந்த நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்ததில் தடுக்கியது. பிராய்லர் தொழிலில் ‘இறக்குவது’ குஞ்சு விடுவது. “எப்ப எறக்குனீங்க?” என்றால் குஞ்சு வந்த தேதியைச் சொல்வார்கள். சாயல்குடிப் பக்கத்து ஆளுக்கு இறக்குவது பதநீர். அதற்கும் மேலே, “மருந்து எறங்கிருச்சா?” என்றால் தொண்டைக்குள் போய்விட்டதா என்றுதான் கேட்கிறவருக்குப் படுகிறது. நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! ஆகவே என் சொல்லை நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது முன்வைக்கும் சொல் வடிநாள். இது என் சொல்லும் இல்லை. அன்று அந்த அண்ணனை நிறுத்திவைத்துப் பேசினேன். கோழியின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகின்றன. முதலில் பாதி போகும், பிறகு மிச்சத்தில் பாதி, பிறகு அதிலும் பாதி. நெஞ்சுக்கறியில் குறைந்த பிறகும் ஈரலில் நிறைய நிற்கலாம். குழம்பில் கொதித்தால் போய்விடும் என்று நம்பவும் முடியாது. உள்சூடு 74 டிகிரி தொட்டால் சால்மோனெல்லா கிருமி செத்துப்போகும், என்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்து அந்தச் சூட்டைத் தாங்கி நிற்கும். இதையெல்லாம் நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, கூட வந்திருந்த அவர் வீட்டு அக்கா, “அப்ப ஒடம்புலருந்து அது வடியணும்னு சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அவர்கள் கோழியை நிறுத்திவைத்தார்கள். அந்த வயதில் 500 கோழி நாளைக்கு ஏறக்குறைய இரண்டு மூட்டைத் தீவனம் தின்னும். தெரிந்தே அந்தச் செலவை ஏற்றுக்கொண்டார்கள்.

வெள்ளம் வடிகிறது, வீக்கம் வடிகிறது என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு. ஐப்பசி மழைக்குப் பிறகு தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது என்றால் மண் காய்ந்துவிட்டது என்று பொருளா? ஈரம் இருக்கும், ஆனால் நடந்து போகலாம். அறிவியல் சொல்வதும் அச்சாக அதுதான். கறியில் மருந்து ஒரு துளிகூட இருக்கக் கூடாது என்று அது சொல்வதில்லை. இவ்வளவுக்குக் கீழே வந்துவிட்டால் தின்னலாம் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லையைத் தொடுவதற்கு ஆகும் நாட்கள்தான் வடிநாள். தடைக்காலத்திலும் இறங்குகாலத்திலும் இந்தப் பொருள் கிடைக்கவில்லை.

> ‘வடிகாலம்’ என்றால் இன்னும் பொருத்தமாக இருக்காதா? பீரியட் என்பது காலம்தானே.

தம்பி, வடிகாலம் என்று வேகமாகச் சொன்னால் வடிகால் என்றே காதில் விழும். நம் ஆள் விரல் விட்டு எண்ணப்போவது நாளைத்தான். தவிர, வடிநாள் வினைத்தொகை. வடிந்த நாள், வடிகிற நாள், வடியும் நாள் மூன்றும் அதற்குள் அடங்கும்.

> நாள் என்று கட்டிவிட்டால் மீனுக்கு இடிக்குமே? அங்கே டிகிரி கணக்கல்லவா?

நல்ல கேள்வி, இதற்காகவே மறுபடி விதியை எடுத்துப் படித்தேன். 1945ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் 97ஆவது விதிக்கு 2012இல் ஒரு திருத்தம் வந்தது. உணவுக்கான உயிரினங்களுக்குக் கொடுக்கும் மருந்தின் மேல் வடிநாளை அச்சிட வேண்டும். ஒரு மருந்துக்கு அதை ஆய்ந்து உறுதிசெய்யவில்லை என்றால் முட்டைக்கும் பாலுக்கும் 7 நாளுக்குக் குறையக் கூடாது, கோழிக்கறிக்கும் ஆட்டுக்கறிக்கும் 28 நாளுக்குக் குறையக் கூடாது, மீனுக்கு 500 டிகிரிநாளுக்குக் (தண்ணீரின் சூட்டை நாளால் பெருக்கி வரும் கணக்கு) குறையக் கூடாது. கோழிக்கறிக்குள்ள 28 நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 40ஆம் நாள் கறிக்குப் போகிற கோழிக்கு அப்படிப்பட்ட மருந்தை 12ஆம் நாளுக்குமேல் தொடவே முடியாது. இது தெரிந்தால் முப்பதாம் நாளில் பேர் தெரியாத மருந்தை யாரும் தண்ணீரில் கலக்கமாட்டார்கள்.

மீன் விஷயம் வேறு. கோழியின் உடம்பு எப்போதும் ஏறக்குறைய 41 டிகிரியில் நிற்கும், அதனால் நாளை மட்டும் எண்ணினால் போதும். மீனின் உடம்பு தண்ணீரோடு சூடாகும், தண்ணீரோடு குளிரும். கூண்டில் வளர்க்கும் கடல்விராலோ கொடுவாவோ, தண்ணீர் 25 டிகிரி என்றால் 500ஐ 25ஆல் வகுத்து 20 நாள் காத்திருக்க வேண்டும். 28 டிகிரி என்றால் 18 நாள். வெதுவெதுப்பில் மருந்து சீக்கிரம் வடிகிறது. பாருங்கள், ‘வடி’ இங்கேயும் இயல்பாக வந்து உட்காருகிறது. ‘தடை’யை வைத்து இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், வராது. டிகிரிநாளுக்கு நான் ‘வெப்பநாள்’ என்கிறேன். ‘பாகைநாள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பாகை பள்ளிக்கூடத்தில் கோணத்துக்குப் போய்விட்டது, அதை விட்டுவிடலாம்.

அப்புறம் ‘எச்சம்’. கறியில் தங்கும் மருந்துக்குக் கலைச்சொல் பட்டியல்களில் ‘மருந்து எச்சம்’ என்று இருக்கிறது. வேதியியலுக்கு நல்ல சொல்தான். கோழிக் கொட்டகையில் எச்சம் என்றால் கோழி கழித்தது! இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்தில் வந்து மோதவும் செய்யும். நிகார்பசின், சல்ஃபா வகை மருந்துகள் கோழியின் எச்சத்தோடு தரையில் விரித்த உமியிலும் நார்த்தூளிலும் விழும். கோழி அதைக் கிளறிக் கொத்தும்போது மருந்து மறுபடி உடம்புக்குள் போகும். மருந்து கலந்த தீவனத்தை மாற்றிய பிறகும் வடிநாள் இழுத்துக்கொண்டு போக அதுவும் ஒரு காரணம். இதை எழுதும்போது ‘எச்சத்தால் எச்சம்’ என்று எழுதவா முடியும்? ‘மருந்து மிச்சம்’ போதும் என்பது என் எண்ணம். கொச்சையாகப் படுகிறது என்பவர்கள் வேறு தாருங்கள், ஆனால் எச்சம் வேண்டாம்.

ஆங்கிலத்தில் ஃபீட் வித்ட்ராயல் என்று ஒன்றும் இருக்கிறது. கறிக்கு அறுப்பதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்திக் குடிதண்ணீர் மட்டும் வைப்பது. தீனிப்பையும் குடலும் காலியானால், அறுக்கும்போது உள்ளே இருப்பது கறிமேல் சிந்தாது. அளவுக்கு மீறிப் பட்டினி போட்டால் குடல் நைந்து கிழியும், அதுவும் கேடுதான். இது மணிக்கணக்கு, அது நாள்கணக்கு. ஆங்கிலம் இரண்டையும் ஒரு சொல்லில் கட்டியதால்தான் “நேத்து ராத்திரியே நிறுத்திட்டேனே” என்று சிலர் மருந்துக்கும் ஒரு ராத்திரிக் கணக்குச் சொல்கிறார்கள். இதற்கு ‘தீனி நிறுத்தம்’ போதும்.

கடையில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு அடிக்கப்போகிறேன். வாசகம் இப்படி:

‘வடிநாள்: 5. கடைசி வேளை மருந்துக்குப் பிறகு 5 முழு நாள் கழித்தே கறிக்கு விற்கவும். நடுவில் மருந்து கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணவும்.’

எண்ணை மட்டும் அந்தந்த மருந்துக்கு ஏற்பக் கையால் எழுதிக்கொள்வேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘முழு நாள்’ என்பதில் மயக்கம் வருமா, 24 மணி நேரம் என்றே போட்டுவிடலாமா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. புதன் இரவுக்குள் சொன்னால் திருத்திவிடுவேன்.

அன்புடன்,
பெரியபட்டினம் தீவனக்கடையிலிருந்து