மறு: ட்ரிம் லெவலுக்குத் தமிழ் – வகையா, அணியா, வரிசையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே காரை அலங்காரமும் உள்வேலைப்பாடும் கூட்டிக் குறைத்துப் பல படிகளில் விற்பார்கள் அல்லவா, அந்தப் படிக்கு ஆங்கிலத்தில் ட்ரிம் லெவல். அதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டுத் திங்கட்கிழமை எழுதினேன். இன்று வெள்ளி இரவு, மடல்களை எண்ணி முடிக்க முடியவில்லை. நாளை மதியத்துக்குள் நான் தமிழாக்கும் நிகழ்ச்சியின் வசனவரிகளை (சப்டைட்டில்) அனுப்பியாக வேண்டும். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்.

இடையில் சேர்ந்தவர்களுக்காகக் காட்சியை இன்னொரு முறை சொல்கிறேன். பழைய அமெரிக்கக் கார்களைச் சோதித்துப் பார்க்கும் நிகழ்ச்சி. 1957 செவர்லே ஒன்று நிற்கிறது. முன்பக்கக் கிரில் தங்க நிறம், பின்பக்க விலாவில் கோடு கோடான அலுமினியத் தகடு. விற்கிறவர் ‘பெல் ஏர்’ என்கிறார். பார்க்க வந்தவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிகிறார். கதவு மாட்டியிருக்கும் தூணில் ஒரு சிறு தகடு. கட்டைவிரலால் அழுக்கைத் துடைக்கிறார். ‘வி-பி-57’ என்று எண் தொடங்குகிறது. நிமிர்ந்து, “இது பெல் ஏர் இல்லை, 210” என்கிறார்.

1955 முதல் 1957 வரை செவர்லே மூன்று படிகளில் வந்தது: 150, 210, பெல் ஏர். மூன்றுக்கும் ஒரே அடிச்சட்டம், முன் பின் சக்கர இடைவெளியும் ஒன்றே, 115 அங்குலம். வெளியே ஒட்டிய குரோமும் உள்ளே போட்ட துணியும் விரிப்பும்தான் வேறு. எண்ணில் ஏ என்றால் 150, பி என்றால் 210, சி என்றால் பெல் ஏர். எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின் இருந்தால் முன்னால் ஒரு வி சேரும். குரோமும் அலுமினியமும் கழற்றி மாட்டக் கூடியவை. 210-ஐ வாங்கி பெல் ஏர் தகடுகளைப் பூட்டிவிட்டால் தூரத்தில் இருந்து யாருக்கும் தெரியாது. கதவுத் தூண் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

> ‘வகை’ என்று போட்டுவிட்டுப் போங்கள். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் எது புரியும்? அதே காட்சியில் அவர் காரின் உடல் செடானா ஹார்ட்டாப்பா என்றும் கேட்கிறார். அதுவும் வகை. ஆறு சிலிண்டரா வி8-ஆ? அதுவும் வகை. ஒரு நிமிடத்தில் மூன்று வகை வந்தால் பார்க்கிறவருக்கு எதுவுமே பிடிபடாது. இந்தக் காரை அடையாளம் காணும் வேலையே மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான். மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

> அணி இருக்க வேறு சொல் எதற்கு? அணியிலக்கணம் படித்த நமக்கே இது தோன்றாவிட்டால் எப்படி?

அம்மா, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெயராகவும் நிற்கும், வினையாகவும் நடக்கும். ‘இந்த 210, பெல் ஏர் அணியை அணிந்திருக்கிறது’ என்று எழுதிப் பார்த்தேன், மொழிபெயர்ப்பு வாடையே இல்லை. ஆனால் ‘பெல் ஏர் அணி’ என்று திரையில் தனியாக வந்தால் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ‘அணிநிலை’ என்று நீட்டினால் அந்தச் சிக்கல் தீர்கிறது, எழுத்து கூடுகிறது. எனக்கு ஒரு வரிக்கு 38 எழுத்துதான்.

(முதுகில் வரி அணிந்ததால் அணில் என்று இரண்டு பெரியவர்கள் மூன்று நாளாக எழுதுகிறார்கள். விரும்பிப் படித்தேன். தனி இழையாகப் பிரித்து வைத்தால் பின்னால் தேட வசதியாக இருக்கும்.)

> பெல் ஏர் இடுகுறிப் பெயர். அதை அப்படியே விடுங்கள், விளக்க வேண்டாம்.

இடுகுறிதான். ஆனால் இந்தப் பெயர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1950-இல் பெல் ஏர் என்றால் ஹார்ட்டாப் உடல் கொண்ட காருக்கு மட்டுமே பெயர். 1953-இல் மேல்படி முழுவதற்கும் அதையே வைத்துவிட்டார்கள், நாலு கதவு செடான் உட்பட. உடலின் பெயர் வரிசைக்கு ஆகி வந்தது. ஆகுபெயருக்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் கிடைக்குமா? டெல்ரே என்ற பெயர் எதிர்த்திசையில் போயிற்று. 210-இல் சற்று நல்ல உள்வேலைப்பாடு கொண்ட இரண்டு கதவுக் காருக்கு இருந்த பெயர், 1958-இல் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. ஆண்டைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் என்ன காரென்றே தெரியாது.

அப்புறம் ஹார்ட்டாப். கண்ணாடிகளை இறக்கினால் முன் கதவுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவே தூண் இருக்காது, பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும்.

> முதுகெலும்பிலி என்று பாடநூலில் ஏற்றுக்கொண்டோம். நடுத்தூணிலி ஏன் ஆகாது? இன்னும் சுருக்கமாக, ஆயிரங்கால் மண்டபம் போல, நடுக்காலிலி.

நடுத்தூணிலி எனக்குச் சம்மதம். ஓசையும் நன்றாக இருக்கிறது. காலிலி வேண்டாம் ஐயா. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் (496) கால் என்றால் சக்கரம். இலக்கியம் தெரிந்தவருக்கு நடுக்காலிலி என்றால் சக்கரம் கழன்ற வண்டி, தெரியாதவருக்குக் காலில்லாத ஆள். இரண்டு பக்கமும் அடி.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். எஞ்சின் அறைச் சுவரில் இன்னொரு தகடு உண்டு, உடலின் எண் அதில் இருக்கும். 1957 இரண்டு கதவு ஹார்ட்டாப்பில் 1037 என்று முடிந்தால் 210, கடைசியில் ஒரு டி சேர்ந்து 1037டி என்றால் பெல் ஏர். பகுதி உடலைச் சொல்கிறது, விகுதி வரிசையைச் சொல்கிறது. நம் பகுபத உறுப்பிலக்கணம் படித்த பிள்ளைக்கு இந்தத் தகட்டை அரை நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

> நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுக்கிறேன். பையன்கள் ஷோரூமில் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே பேஸ் மாடல், டாப் மாடல், வேரியன்ட். அணிநிலை என்று எழுதிப்போட்டால் என்னைத்தான் பார்ப்பார்கள்.

சார், உங்கள் மடலைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் பையன்களும் என் பார்வையாளர்கள்தான். ஆனால் டாப் மாடல் என்ற சொல்லில் இந்தக் கார் அடங்குமா? வெளியே டாப் மாடல், எண்ணில் நடு மாடல். அதுதானே கதை.

சரி, நாளைக்கு இப்படி அனுப்புகிறேன். 150, 210, பெல் ஏர் ஆகியவை வரிசை. கழற்றி மாட்டும் குரோம், அலுமினியம், துணி எல்லாம் அணி. செடான், ஹார்ட்டாப் இரண்டும் உடல். ஹார்ட்டாப்பை முதல் முறை ‘நடுத்தூணிலி’ என்று எழுதிவிட்டு அடுத்து ஹார்ட்டாப் என்றே விடுகிறேன். தொடர் என்று சொன்னவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தொலைக்காட்சியில் அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. அணிநிலைக்குத்தான் அதிகம் பேர் கை தூக்கினீர்கள். கலைச்சொல் பட்டியலில் அதையே ஏற்றலாம், எனக்கு மறுப்பில்லை. திரையில்தான் இடமில்லை.

அந்தக் காட்சிக்கு எழுதிய இரண்டு வரி:

எண்ணில் இருப்பது 210 வரிசை.
அணிந்திருப்பது பெல் ஏர் அணி.

இரண்டும் 38-க்குள் அடங்கிவிட்டன. பாலிடெக்னிக் சார் சற்று முன் மறுபடி எழுதியிருக்கிறார், அப்படியே ஒட்டுகிறேன்:

> வரிகள் நன்றாக இருக்கின்றன. நானும் பார்ப்பேன். திங்கட்கிழமை பலகையில் வேரியன்ட் என்றுதான் எழுதுவேன்.